அச்சுறுத்தலின் முன் ஒரு மன்றாட்டு

எருசலேம் ஆலயத்தின் அலங்கார வாயிலருகே இரந்துண்டு வாழ்ந்த முடவன் ஒருவன், நாற்பது வயதைக் கடந்த நிலையில், ஒருநாட் பிற்பகல் எழுந்து நடந்தான். அவனை எழுப்பிய பேதுருவும் யோவானும் அன்று மாலையே கைதாயினர். ஓரிரவு காவலில் வைக்கப்பட்டனர். மறுநாள் அன்னா, காய்பா முதலிய தலைமைக் குருக்குலத்தாரும் மூப்பரும் சட்ட அறிஞரும் கூடிய சங்கத்தின் நடுவே நிறுத்தப்பட்டனர். குணமடைந்தவன் பக்கத்திலேயே நின்றமையால் நிகழ்ந்ததை மறுக்கச் சங்கத்தாரால் இயலவில்லை. எனவே தண்டனை எதுவும் விதியாது ஓர் ஆணையை மட்டும் பிறப்பித்தனர். இயேசுவின் பெயரால் இனி எவரோடும் பேசலாகாது, எவருக்கும் போதிக்கலாகாது என்பதே அவ்வாணை. மிரட்டலும் அதனுடன் சேர்ந்து வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலின் மூன்றாம், நான்காம் அதிகாரங்கள் தரும் செய்தி இது.

விடுதலையான இருவரும் தம்மவரிடஞ் சென்று நடந்ததைக் கூறினர். கேட்டவர்கள் ஒருமனப்பட்டுக் குரலெழுப்பி மன்றாடினர். அம்மன்றாட்டு ஏழெட்டு வரிகளுக்கு மேற்படாதது. ஆதித் திருச்சபையின் கூட்டு மன்றாட்டுக்களுள் சொல்வடிவில் நமக்கு எட்டிய மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. சங்கத்தின் மிரட்டல் காதில் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில் அம்மக்கள் எதனைக் கேட்டார்கள் என்பதே இங்கு நோக்கத்தக்கது. மிரட்டல் நீங்கவேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. பாதுகாப்பையோ ஒளிந்துகொள்ள ஓரிடத்தையோ கேட்கவில்லை. பகைவர் அழியவேண்டுமென்றும் கேட்கவில்லை. அம்மிரட்டல்களை இறைவன் கண்ணோக்கவேண்டும், தாங்கள் முழுத் துணிவோடும் அவருடைய சொல்லைப் பேசவேண்டும், நோயாளர் குணமடைய அவர் தம் கையை நீட்டவேண்டும் என்ற மூன்றையே கேட்டனர். எதனைச் செய்யாதிருக்கும்படி அதிகாரம் ஆணையிட்டதோ அதனையே மேலும் நன்றாகச் செய்வதற்கு அவர்கள் வலு வேண்டினர் எனலாம்.

இம்மன்றாட்டுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதேயாவின் அரண் சூழ்ந்த நகரங்களைக் கைப்பற்றி எருசலேமை நெருக்கினான். சரணடையுமாறு அவன் விடுத்த கடிதத்தை எசேக்கியா மன்னன் ஆலயத்துக்கு எடுத்துச் சென்று இறைவன் முன்னிலையில் விரித்துவைத்து மன்றாடினான் என்று ஏசாயா நூலின் முப்பத்தேழாம் அதிகாரம் கூறும். விண்ணையும் மண்ணையும் படைத்தவரே என்ற விளி, பகைவனின் சொற்களைக் கண்டுங் கேட்டும் அருளவேண்டும் என்ற முறையீடு, இறுதியில் ஒரு விண்ணப்பம் என்ற ஒழுங்கிலே எசேக்கியாவின் வேண்டுதல் செல்கின்றது. நடபடிகள் நூலின் மன்றாட்டும் இவ்வொழுங்கையே பின்பற்றுகின்றது. கிரேக்க மொழியில் அமைந்த பழைய ஏற்பாட்டில் ஊறியவர் அந்நூலாசிரியர் லூக்கா. ஆகவே இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததென்று கொள்வதற்கில்லை. ஒற்றுமை இவ்வளவு நெருக்கமாயிருப்பதனாலேயே வேற்றுமை உறைக்கின்றது. எசேக்கியா இறுதியிற் கேட்டது, அவன் கையிலிருந்து எங்களைக் காப்பாற்றும் என்பதாகும். அந்த வாக்கியம் வரவேண்டிய இடத்தில் எருசலேமின் மீனவர்கள் வேறொன்றைக் கேட்டுவிட்டனர். ஒரு மன்னனுக்குக் காக்கவேண்டிய மதில் உண்டு, மக்கள் உண்டு. அவனது வேண்டுதலைத் தாழ்வாக எண்ணுதல் தகாது. ஆயினும் மதில் இல்லாதவர்கள் மதிலைக் கேளாது விட்டமை கவனத்திற்குரியது.

மன்றாட்டின் சொற்களை அணுகி நோக்குமிடத்து இன்னொரு வியப்புத் தோன்றும். இறைவனை விளிக்க இங்கு வருஞ் சொல் தெஸ்பொதா என்பது. புதிய ஏற்பாட்டிலே கடவுளைக் குறிக்க அருகியே வழங்குஞ் சொல் அது. வீட்டிலுள்ள அடிமைகளின் உடைமையாளனைக் கிரேக்கர் அச்சொல்லாற் குறித்தனர். மன்றாடுவோர் தம்மைக் குறிக்க வழங்கியதோ டூலொய் என்ற சொல். அடிமைகள் என்பதே அதன் நேர்ப்பொருள். உடைமையாளனை நோக்கி அடிமைகள் பேசுகின்றனர். அவர்கள் கேட்பது பரேசியா. இந்த மூன்றாஞ் சொல்லை முதலிரண்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலன்றி வேண்டுதலின் துணிச்சல் விளங்காது.

பரேசியா என்பதற்கு ‘எல்லாவற்றையுஞ் சொல்லுதல்’ என்பது சொற்பொருள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நகரிலே அது ஓர் அரசியற் சொல்லாக விளங்கியது. குடியுரிமையுள்ள ஆண்மகன் மன்றத்தில் எழுந்து தன் மனத்திற் பட்டதை மறைக்காது பேசும் உரிமையை அது குறித்தது. பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை, வந்தேறிகளுக்கு இல்லை, அடிமைகளுக்கு அறவே இல்லை. யூரிப்பிடிஸ் தமது பினீசியப் பெண்கள் என்ற நாடகத்திலே நாடுகடத்தப்பட்ட மகனையும் தாயையும் சந்திக்கச் செய்கின்றார். நாடிழந்தவனுக்கு நேரும் பெருந்துன்பம் எதுவெனத் தாய் வினவ, பரேசியா இல்லாமையே என்று மகன் விடை கூறுகின்றான். தான் எண்ணுவதைச் சொல்லமுடியாமை அடிமையின் நிலையல்லவா என்று தாய் வருந்துகின்றாள். நாடகம் கண்ட ஏதென்ஸ் மக்களுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்பட்டிராது. சொல்லுரிமை இன்மையே அடிமைத்தனத்தின் வரைவிலக்கணம் என்பது அவர்கள் அறிந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் பூக்கோ 1983இல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில் இச்சொல்லைப் பற்றியே தொடர்விரிவுரைகள் ஆற்றினார். யூரிப்பிடிஸின் நாடகங்கள் அவற்றில் விரிவாக ஆராயப்பட்டன.

தங்களை அடிமைகள் என்று அழைத்துக்கொண்ட அதே மூச்சில் அடிமைகளுக்கு விலக்கப்பட்ட ஒன்றை இம்மக்கள் கேட்டனர். அதுவும் சிறிதளவாகவன்றி முழுமையாகக் கேட்டனர். லூக்கா இம்முரண்பாட்டை அறிந்தே அமைத்தாரா என்று உறுதிகூறல் அரிது. ஆயினும் அதனை உணர்ந்த எழுத்தாளர் ஒருவர் அக்காலத்திலேயே இருந்தார். இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத மெய்யியலாளர் பைலோ, ஆபிரகாம் இறைவனோடு பேசிய பேச்சை ஆராயுமிடத்து, ஓர் அடிமை தன் உடைமையாளனிடம் எப்பொழுது பரேசியாவோடு பேசமுடியும் என்ற வினாவை எழுப்புகின்றார். தான் தவறிழைக்கவில்லை என்றும் தன் சொல்லுஞ் செயலும் உடைமையாளனின் நன்மைக்கே என்றும் அவன் உள்ளம் அறிந்திருக்கும்போது என்பது அவர் தரும் விடை. பைலோவின் விடை அழகானது. ஆனால் பேதுருவுக்கு அது பொருந்தாது என்பதே சிக்கல்.

தன் உள்ளம் தன்னைக் குற்றஞ்சாட்டாதவன் துணிந்து பேசுவான் என்றால், பேதுரு வாய் திறந்திருக்கவே முடியாது. சில கிழமைகளுக்கு முன்னர் இதே தலைமைக் குருவின் முற்றத்திலே, குளிர்காய்ந்துகொண்டிருந்த கூட்டத்தினிடையே, ஒரு பணிப்பெண் அவரை உற்றுநோக்கி இவனும் அவனோடிருந்தவன் என்றாள். அவர் மறுத்தார். மும்முறை மறுத்தார். அவரை நடுங்கவைத்தவர்கள் படைவீரரோ நீதிபதிகளோ அல்லர். முதலிற் கேட்டவள் ஊழியஞ் செய்யும் ஒரு பெண், அதாவது பரேசியா இல்லாதவள். அவள் முன் நாவிழந்த மனிதன் இப்பொழுது அன்னாவுக்கும் காய்பாவுக்கும் எதிரே நின்று, கடவுளுக்குச் செவிகொடுப்பதினும் உங்களுக்குச் செவிகொடுப்பது முறையாகுமா என நீங்களே தீர்ப்பளியுங்கள் என்ற கருத்துப்படப் பேசினார். கி.மு. 399இல் சோக்கிரட்டீஸ் தம் நீதிபதிகளுக்குக் கூறிய விடையை இது நினைவூட்டுகின்றது என உரையாசிரியர் பலர் எழுதியுள்ளனர். ஒப்புமை உண்மைதான். ஆனால் சோக்கிரட்டீஸ் முன்னொரு நாள் மறுதலித்தவர் அல்லர். சங்கத்தின் முன் அவ்வளவு துணிவாகப் பேசிமுடித்த பிறகும் தமக்குத் துணிவு வேண்டுமென்று அம்மனிதர் மற்றவர்களோடு சேர்ந்து மன்றாடியதற்கு முற்றத்தில் நிகழ்ந்ததே போதிய விளக்கமாகும். துணிவு தம்மிடம் நிலையாகத் தங்கியிருக்கும் பொருளன்று என்பதை அங்கிருந்தவர்களுள் அவரே நன்கறிந்தவர்.

சங்கத்தார் வியந்தது மற்றொன்றை. பேதுருவும் யோவானும் எழுத்தறியாதவர், சாமானியர் என்பதைக் கண்டு அவர்களுடைய பரேசியாவைக் குறித்து அவர்கள் ஆச்சரியப்பட்டனர் என்று நூல் கூறுகின்றது. தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் திருக்குறளின் எழுபத்துமூன்றாம் அதிகாரம் நினைவில் எழுதல் இயல்பே. அவையஞ்சாமை என்பது அதன் பெயர். அமைச்சியலின் இறுதியிலே அது வைக்கப்பட்டுள்ளது. வள்ளுவர் கூறும் அஞ்சாமை கற்றவனின் அஞ்சாமை. கற்றும் அவைக்கு அஞ்சுவோனைக் கல்லாதவனிலும் கடைப்பட்டவனாக அவர் வைப்பார். கல்லாதவன் அவையில் எழுந்து நிற்பான் என்ற நிலையே அங்கு எழுவதில்லை. அரசவைக்கு அமைச்சனை ஆயத்தப்படுத்தும் நூலுக்கு அது பொருத்தமே. எருசலேமில் நின்றவர்களோ அவைக்கு அழைக்கப்பட்டவர்கள் அல்லர், இழுத்துவரப்பட்டவர்கள். கல்வியிற் பிறக்காத அஞ்சாமை எங்கிருந்து பிறக்கும் என்பதற்கு மன்றாட்டைத் தவிர வேறு விடையை லூக்கா தரவில்லை.

மன்றாட்டின் நடுப்பகுதி இரண்டாஞ் சங்கீதத்தின் தொடக்க அடிகளை எடுத்தாள்கின்றது. இந்த இடத்திலே கிரேக்க வாக்கியம் இலக்கணஞ் சிதைந்து கிடக்கின்றது. மிகப் பழைய பிரதிகளிலேயே நிலைமை அதுதான். படியெடுத்தவர்கள் பலவாறு திருத்தியும் சீராகவில்லை. பலர் ஒரே குரலாகக் கூவிய கூவல் இலக்கணத்துக்கு அடங்கவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சங்கீதத்திலே வேற்றினத்தார் கொந்தளிப்பதாகவும் மன்னர்கள் ஆண்டவருக்கும் அவர் திருப்பொழிவு செய்தவருக்கும் எதிராக அணிதிரள்வதாகவும் வருகின்றது. கொந்தளிப்பைக் குறிக்குங் கிரேக்க வினை, அடங்காக் குதிரை மூக்கொலித்துத் துள்ளுவதைக் குறிக்க வழங்கியது. மன்றாடுவோர் அச்சொற்களுக்கு உடனே ஆட்பெயர்களைப் பொருத்துகின்றனர். மன்னர் என்பது ஏரோது. ஆள்வோர் என்பது பொந்தியு பிலாத்து. வேற்றினத்தாரோடு இஸ்ரவேலின் மக்களும் சேர்ந்தனர். பழம்பாடல் நேற்றைய செய்தியாகின்றது.

ஆனால் எவ்விடத்தில் நிறுத்துகின்றார்கள் என்பதை நோக்கவேண்டும். அதே சங்கீதம் மேலே செல்லச் செல்ல, இருப்புக் கோலால் வேற்றினத்தாரை நொறுக்குதல், குயவன் மட்கலம் போல் உடைத்தல் என்பவை வருகின்றன. மிரட்டப்பட்டவர்களுக்கு மிகவும் ஆறுதலாயிருக்கக்கூடிய பகுதி அது. அதனை அவர்கள் எடுத்தாளவில்லை. இரண்டு வசனங்களோடு நின்றுவிட்டனர். இதனைப் போன்றதே கையைப் பற்றிய வேண்டுதலும். யாத்திராகமத்தில் இறைவனின் நீட்டிய கை எகிப்தின்மீது வாதைகளை வருவித்த கை. இங்கும் மிரட்டுவோர் உள்ளனர், நீட்டப்படவேண்டிய கையும் உண்டு. கை எதற்காக நீட்டப்படவேண்டும் என்ற இடத்தில் நோயாளரைக் குணமாக்க என்று வருகின்றது. மிரட்டல்களைக் கண்ணோக்கும் என்று மட்டும் கூறி, அவற்றை என்ன செய்யவேண்டுமென்பதைக் கூறாது விட்டுவிட்டனர்.

இதெல்லாம் லூக்காவின் கைவண்ணமன்றோ என்ற ஐயம் ஆய்வு மாணவர்க்கு எழும். எழவேண்டியதே. நூல் எழுதப்பட்டது நிகழ்ச்சிகளுக்கு ஐம்பதாண்டுகளுக்குப் பின்னர், கி.பி. 80க்கும் 90க்கும் இடையில் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பேச்சுக்களை இடத்துக்கேற்பத் தாமே அமைத்ததைத் தூசிடைடிஸ் வெளிப்படையாகவே கூறினார். லூக்காவும் அம்மரபில் வந்தவர். அவ்வாறாயின் இம்மன்றாட்டின் பெறுமதி குறைகின்றதா? ஒருவகையில் அது கூடுகின்றது. எழுதிய காலத்திலே ஆலயம் இல்லை, கி.பி. 70இல் அது எரிந்துவிட்டது. மிரட்டிய சங்கமும் இல்லை. யாக்கோபு வாளால் வெட்டுண்ட செய்தியை இதே நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் லூக்காவே எழுதுகின்றார். பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்பதை நன்கறிந்த ஒருவர், பாதுகாப்பைக் கேளாத மன்றாட்டொன்றைத் தொடக்க நாட்களின் வாயில் வைத்திருக்கின்றார்.

அப்பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சியும் உண்டு. பேதுரு மீண்டும் சிறையிலிருக்க, மாற்கின் தாய் மரியாளின் வீட்டில் அவருக்காக மன்றாடுகின்றனர். நள்ளிரவில் விடுதலையான அவர் வந்து கதவைத் தட்டுகின்றார். அவர் குரலைக் கேட்ட ரோதை என்ற பணிப்பெண் மகிழ்ச்சியிற் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிச் சொல்ல, மன்றாடிக்கொண்டிருந்தவர்கள் உனக்குப் பைத்தியம் என்கின்றனர். கேட்டது கிடைத்தபொழுது நம்பவில்லை. மாந்தர் இயல்பை லூக்கா மறைப்பவரல்லர். பேதுருவின் வாழ்க்கையில் மறுபடியும் ஒரு பணிப்பெண் அவரை இனங்கண்டாள். இம்முறை உண்மையைச் சொன்ன அவளைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

பரேசியா மொழிபெயர்ப்புக்களில் அடைந்த மாற்றமும் சுவையானது. இலத்தீன் வுல்காத்தா இவ்விடத்தில் ஃபிதூசியா என்ற சொல்லை வழங்கியது. நம்பிக்கை, மனவுறுதி என்பன அதன் பொருள். நாவிலிருந்த ஒன்று நெஞ்சுக்கு இடம்பெயர்ந்தது. தமிழிலே நீண்டகாலம் வழங்கிவந்த புரட்டஸ்தாந்துத் திருப்புதல் தைரியம் என்கின்றது. தெஸ்பொதாவைக் கர்த்தர் எனவும், டூலொயை ஊழியக்காரர் எனவும் பெயர்க்கின்றது. வழிபாட்டில் வாசிப்பதற்கு இவை இனியனவே. எனினும் அடிமை ஒருவன் குடிமகனின் சொல்லுரிமையைக் கேட்கின்றான் என்ற கூர்மை இவற்றில் மழுங்கிவிடுகின்றது. தமிழ் வாசகன் காண்பது உத்தியோகத்தில் அமர்ந்த ஊழியன் ஒருவன் மனத்திடம் வேண்டும் காட்சியையே. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறிப் பயனில்லை. ஏதென்ஸின் மன்றத்தையும் அதன் அடிமைகளையும் ஒரே சொல்லிற் சுமக்கவல்ல தமிழ்ச் சொல் எளிதில் அகப்படாது.

அதிகாரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இதே பண்பு வேறு பெயருடன் தோன்றியது. கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி, பேரரசன் திராஜனுக்கு எழுதிய கடிதத்திலே தாம் கிறித்தவர்களை விசாரித்த முறையை விவரிக்கின்றார். தண்டனையைக் கூறி அச்சுறுத்தி மும்முறை கேட்பார். அப்பொழுதும் ஆம் என்போரைக் கொல்ல அனுப்புவார். அவர்கள் ஒப்புக்கொண்டது எதுவாயினும், அந்தப் பிடிவாதத்துக்கும் வளையாத முரட்டுத்தனத்துக்குமே தண்டனை தகும் என்பது அவர் கொள்கை. பிளினி கொடுங்கோலர் அல்லர்; நேர்மையாளர், நல்லெழுத்தாளர். துணிவு என்று ஒரு சாரார் மன்றாடிப் பெற்றது மறுசாராரின் ஏட்டில் பிடிவாதமாகப் பதிவாகியது. உண்மையை அறியும்பொருட்டு இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அவர் எழுதுகின்றார். அவர்கள் சபையிலே பணியாளர் என்ற பொறுப்பில் இருந்தவர்கள். அவர்களிடம் அளவுகடந்த மூடநம்பிக்கையை அன்றி வேறொன்றையுங் காணவில்லை என்று ஒரு வரியில் முடிக்கின்றார். பெயர்களைக் குறிக்கவில்லை. அவர்கள் கூறியதையும் தனியே குறிக்கவில்லை.

பெயர் குறிக்கப்பட்ட அடிமைப்பெண் ஒருத்தி இருக்கின்றாள். கி.பி. 177இல் கோல் நாட்டின் லியோன் நகரில் நிகழ்ந்த வதைகளைப் பற்றி அவ்விடத்துச் சபையார் ஆசியாவுக்கும் பிரிகியாவுக்கும் எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தமது நூலின் ஐந்தாம் புத்தகத்திற் காத்துவைத்துள்ளார். பிளந்தினா என்ற அடிமைப்பெண்ணின் உடல் மெலிவு காரணமாக, அவளால் துணிந்து அறிக்கையிட முடியாது போகுமோ என்று அவளுடைய எசமானி அஞ்சினாள். அவ்வெசமானியும் கைதானவர்களுள் ஒருத்தி. கடிதத்தில் அவ்விடத்து வரும் வினைச்சொல் பரேசியாவிலிருந்து பிறந்தது. காலையிலிருந்து மாலைவரை முறைமாற்றி முறைமாற்றி வதைத்தவர்கள் களைத்துப் போயினர். அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எருசலேம் மன்றாட்டில் உவமையாக நின்ற அடிமை இங்கே உண்மையான அடிமையாகின்றாள்.

இக்கடிதத்தின் பெருமை பிளந்தினாவைப் போற்றுவதில் மட்டும் இல்லை. பத்துப்பேரளவில் மறுதலித்துவிட்டனர் என்பதையும் அது மறையாது எழுதுகின்றது. அவர்களுக்காக மற்றவர்கள் அழுதனர். முன் மறுதலித்த பிப்ளிஸ் என்பவள் பின்னர் வதையின் நடுவே துயில் நீங்கியவள் போலத் தன் சொல்லை மாற்றிக்கொண்டாள். உறுதியாய் நின்றவர்கள் விழுந்தவர்களுக்கு எதிராகத் தம் பெருமையை எடுத்துப் பேசவில்லை என்றும், வதைத்தவர்களுக்காகவும் மன்றாடினர் என்றும் கடிதம் கூறுகின்றது. துணிவைத் தன் உடைமையாகக் கருதுகிறவன் கோழையை இகழ்வான். அதைக் கேட்டுப் பெற்றவன் இகழ்வதற்குக் காரணமில்லை. கி.பி. 250இல் தேக்கியுஸ் மன்னன் எல்லோரும் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டுமென ஆணையிட்டபொழுது பெருந்தொகையானோர் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே சான்றிதழை விலைக்கு வாங்கினர். எகிப்தின் மணலிலிருந்து அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியன் அவ்வாண்டு தலைமறைவானார். அதற்காக ஏச்சும் பெற்றார். கி.பி. 258 செப்டெம்பர் 14இல் அவரே கழுத்தை நீட்டினார். இடையிலிருந்த எட்டு ஆண்டுகளிலே, விழுந்தவர்களை எவ்வாறு மீளச் சேர்ப்பது என்பதே அவரது பெருங் கவலைகளுள் ஒன்றாயிருந்தது.

எல்லோரும் அதிகாரத்தை எதிர்த்தே மன்றாடினர் என்று எண்ணிவிடவும் கூடாது. கி.பி. 96ஆம் ஆண்டளவில் ரோமிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட, கிளமெந்தின் பெயரால் வழங்குங் கடிதத்தின் இறுதியில் நீண்ட மன்றாட்டொன்று உண்டு. அங்கும் தெஸ்பொதா என்ற விளியே வருகின்றது. எங்கள் சிறையாளிகளை விடுவியும் என்ற வேண்டுதலும் வருகின்றது. அதன்பின் ஆட்சியாளருக்கு உடல்நலம், அமைதி, ஒற்றுமை, உறுதி என்பவற்றைத் தருமாறு வேண்டுகின்றனர். ஏரோதையும் பிலாத்துவையும் பெயர் சுட்டிய மன்றாட்டுக்கும் இதற்கும் இடையே இரண்டு தலைமுறையே சென்றிருந்தது. இரண்டும் அஞ்சியவர்களின் மன்றாட்டுக்களே. எது கூடுதலான துணிவுடையது என்று தராசிட்டுப் பார்ப்பது எளிதன்று.

நான்காம் நூற்றாண்டிலே நிலைமை தலைகீழாயிற்று. மிலான் நகர ஆயர் அம்புரோசியாரின் துணிவுரையைச் சபை வரலாறுகள் வானளாவப் புகழும். கி.பி. 390இல் தெசலோனிக்காவிலே பேரரசன் தியோடோசியஸின் படையினர் பெருந்தொகையான மக்களைக் கொன்றபொழுது, மன்னன் வெளிப்படையாக மனம்வருந்தும்வரை அவனுக்குத் திருவிருந்து இல்லை என்று அவர் எழுதினார். மன்னன் பணிந்தான். பேதுருவின் பரேசியா பேரரசனையும் தலைகுனியச் செய்துவிட்டது என்று அவ்வரலாறுகள் அதிகாரத்தை முடித்துக்கொள்ளும். ஆனால் ஈராண்டுகளுக்கு முன்னர், கி.பி. 388இல், அவர் வேறொரு கடிதம் எழுதியிருந்தார். யூப்பிரட்டீஸ் நதிக்கரையிலுள்ள கலினிக்கும் என்ற ஊரில், ஆயரின் தூண்டுதலால் கிறித்தவக் கும்பல் ஒன்று யூதரின் செபக்கூடத்தை எரித்தது. ஆயரே தம் செலவில் அதனை மீளக் கட்டிக்கொடுக்கவேண்டும் என்று தியோடோசியஸ் ஆணையிட்டான். நேர்மையான ஆணை. அம்புரோசியார் அதனை எதிர்த்தார். சொல்லுரிமையை மறுப்பது மன்னனுக்கு அழகன்று, எண்ணுவதைக் கூறாதிருப்பது குருவுக்கு அழகன்று என்ற கருத்தை முன்வைத்தே அக்கடிதம் தொடங்குகின்றது. அழகிய தொடக்கம். யூரிப்பிடிஸ் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். ஆனால் அவ்வுரிமை கொண்டு அவர் கேட்டது, எரித்தவர்களைத் தொடாதே என்பது. எருசலேமில் மன்றாடியவர்களும் யூதரே என்பதும், அவர்களின் சங்கீதமும் விளியும் யூதருடையவையே என்பதும் அக்கடிதத்தில் எங்கும் நினைவுகூரப்படவில்லை.

மன்னன் முதலில் ஆணையைத் தளர்த்தினான், முற்றாகக் கைவிடவில்லை. பின்னர் ஒருநாள் அவன் கோவிலில் இருக்கையிலேயே அம்புரோசியார் அவனை நோக்கிப் பிரசங்கித்தார். பிரசங்கம் முடிந்ததும் பீடத்துக்குச் செல்லாது அவன் எதிரே நின்றார். வழக்கு விசாரணை முழுவதும் நிறுத்தப்படும் என்று அவன் வாக்களித்த பின்னரே வழிபாட்டைத் தொடர்ந்தார். நிகழ்ந்ததையெல்லாம் அவரே தம் சகோதரி மார்செல்லினாவுக்கு எழுதிய கடிதத்தில் மனநிறைவோடு விவரித்துள்ளார்.